நன்கொடை வேண்டாம், விலை கொடுங்க

காப்பிப் பொட்டலத்து மேல 'ஃபேர் டிரேடு' முத்திரையைப் பார்த்திருப்பீங்க. ஏதோ கம்பெனிக்காரன் யோசிச்ச விளம்பரம்னு நினைக்கிறவங்க உண்டு. அதுக்கு வித்து விழுந்தது மெக்சிகோ நாட்டு ஒஹாக்கா மலையில், ஏழைச் சம்சாரிகள் மத்தியில்.

அங்கே சபோதெக், மிஹே போன்ற பழங்குடி மக்கள் ஆளுக்குச் சில ஏக்கரில் காப்பி போட்டிருந்தார்கள். சரக்கு வாங்க வர்ற தரகருக்கு அவங்க வெச்ச பேரு 'கொயோத்தே', அந்த ஊரு நரி. எடையும் விலையும் தரகர் சொல்றதுதான். அவசரத்துக்குக் கடன் குடுக்கிறதும் அவரே. வெள்ளாமை செய்றவனுக்கு இதுக்கு மேல விளக்கம் வேண்டியதில்லை.

1980 வாக்கில் ஃபிரான்ஸ் வான் டெர் ஹாஃப் என்ற டச்சுப் பாதிரியார் அங்கே வந்து சேர்ந்தார். பிரசங்கத்தோட நிக்காம, தானும் காப்பித் தோட்டத்தில் இறங்கி உழைச்சவர். விலை ஏன் கட்டுப்படியாகலைன்னு ஜனங்க கூடிக் கூடிப் பேசினதில் 1983-ல் 'உசிரி' என்ற கூட்டுறவு சங்கம் பிறந்தது. (ஸ்பானிய எழுத்துகளின் சுருக்கம்தான், நம்ம காதுக்கு 'உசிரு' மாதிரியே கேட்குது.)

ஹாலந்தில் 'சாலிடாரிடாட்' என்ற சர்ச் சார்ந்த உதவி அமைப்பு இருந்தது. அதுக்கு இந்தச் சம்சாரிகள் சொன்னது இதுதான்: நீங்க தர்ற நன்கொடை நல்லதுதான், ஆனா காப்பிக்கு நியாயமான விலை கிடைச்சா அதுவே பெரிய உதவி.

அதுவரை இப்படிப்பட்ட சரக்கு சர்ச்சுகளிலும் தொண்டுக் கடைகளிலும்தான் விற்றது. ஞாயித்துக்கிழமைக் கூட்டத்தை நம்பி எத்தனை மூட்டையை இறக்க முடியும்? வான் டெர் ஹாஃபும் சாலிடாரிடாடின் நிகோ ரோசனும் சாதாரண மளிகைக் கடைக்கே கொண்டு போகத் துணிந்தார்கள். 1988 நவம்பர் 15-ல் 'மாக்ஸ் ஹாவலார்' முத்திரை வந்தது. அது 1860-ல் வெளியான டச்சு நாவலின் பெயர். ஜாவாக் குடியானவர்களை டச்சு ஆட்சி கசக்கிப் பிழிந்த கதை.

சரியான நேரம். அடுத்த வருஷமே சர்வதேச காப்பி ஒப்பந்தத்தின் கோட்டா முறை உடைஞ்சு, சில மாதங்களில் உலக விலை ஏறக்குறைய பாதியாச்சு. 2001-ல் பவுண்டு 50 சென்டுக்கும் கீழே போனப்போ, முத்திரைக் காப்பிக்கு 1.26 டாலர் கிடைத்தது. என்னைக் கேட்டா, விலை ஏறும்போது கிடைக்கிற கூடுதல் காசை விட, விழும்போது பிடிச்சு நிறுத்துற இந்த அடிவிலைதான் பெருசு.

ஒண்ணு மட்டும் மறைக்கக் கூடாது. முத்திரை வாங்கின சங்கங்கள் பலவும் விளைச்சல் முழுசையும் அந்த விலைக்கு விற்க முடியலை. அந்த விலைக்கு எடுத்துக்க ஆள் இருந்த அளவுதான் போச்சு. மிச்ச மூட்டை பழைய சந்தைக்கே இறங்குச்சு, அன்னிக்கு என்ன விலையோ அதுக்கு.