செடி முன்னே, மீன் பின்னே: கண்ணாடித் தொட்டியின் வரலாறு

வீட்டுக் கூடத்திலும் பள்ளி அறையிலும் மீன் வளர்க்கும் கண்ணாடித் தொட்டியை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். அதில் நீந்தும் மீன்களே நம் கண்ணைக் கவர்வன. செடிகளை அம்மீன்களுக்கு அழகு செய்யும் பொருள்களாகவே பலரும் கருதுகின்றனர். ஆகவே கடைக்குச் செல்வோர் முதலில் மீனை வாங்குகின்றனர். இடம் மிஞ்சினால் இரண்டு செடிகளை வாங்கி மணலில் செருகுகின்றனர். சில வாரங்களில் செடி அழுகுகிறது, நீர் கலங்குகிறது, மீனும் மடிகிறது. "நமக்குக் கைராசி இல்லை" என்று சொல்லித் தொட்டியைக் கவிழ்த்து வைத்துவிடுகின்றனர்.

குறை கைராசியில் இல்லை, வரிசையில் இருக்கிறது. கண்ணாடித் தொட்டியின் வரலாற்றைப் புரட்டிப் பார்ப்போமாயின், அது மீனிலிருந்து தொடங்கவில்லை, செடியிலிருந்தே தொடங்கியது என்பது விளங்கும். அவ்வரலாறு படிப்பதற்குச் சுவையானது. முதன்முதலாக நீர்ச்செடி வளர்க்க முனைவோர்க்கு நல்ல வழிகாட்டியும் ஆகும்.

புதினாவும் மெழுகுவத்தியும்

இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் சமயப் பணியாற்றி வந்த ஜோசப் பிரீஸ்ட்லி என்பார் 1771ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் நாள் ஓர் ஆய்வைத் தொடங்கினார். மெழுகுவத்தி எரிந்து அணைந்துபோன காற்றை ஒரு கலத்தில் அடைத்தார். அக்காற்றில் மீண்டும் வத்தி எரியாது. அதனுள் புதினாக் கொழுந்து ஒன்றை வைத்தார். பத்து நாள் கழித்து, 27ஆம் நாள், அதே காற்றில் மற்றொரு மெழுகுவத்தி நன்றாக எரிந்தது. தீயும் மூச்சும் கெடுத்த காற்றைச் செடி திருத்துகிறது என்னும் உண்மை இவ்வாறு புலப்பட்டது.

ஆயினும் இவ்வாய்வு எல்லா வேளையிலும் ஒரே வகையாக அமையவில்லை. அதன் காரணத்தைக் கண்டவர் ஆலந்து நாட்டு மருத்துவர் யான் இங்கன்ஹவுஸ். 1779ஆம் ஆண்டுக் கோடையில் இலண்டனுக்கு அருகே ஒரு வீட்டில் தங்கி, அவர் 500க்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் செய்தார். இலைகளை நீருக்குள் அமிழ்த்தி வெயிலில் வைத்தபோது குமிழிகள் எழுந்தன. இருளில் வைத்தபோது நின்றன. இருளில் செடியும் நம்மைப் போலவே காற்றைக் கெடுக்கிறது என்பதையும் அவர் கண்டார். காற்றைத் திருத்துவது வெறும் செடியன்று, ஒளி பெற்ற செடியே என்பது தெளிவாயிற்று. தொட்டியை இருண்ட மூலையில் வைத்துவிட்டுச் செடி வாடுகிறதே என்று வருந்துவோர் இங்கன்ஹவுசை நினைத்துக்கொள்ளவேண்டும்.

புட்டிக்குள் முளைத்த பெரணி

அடுத்து நாம் காண்பவர் நத்தானியேல் வார்டு என்னும் இலண்டன் மருத்துவர். செடிகளின்மேல் அவருக்குத் தீராத காதல். ஆனால் அந்நாளைய இலண்டன் நகரின் நிலக்கரிப் புகையில் அவர் நட்ட பெரணிகள் ஒன்றும் பிழைக்கவில்லை. 1829ஆம் ஆண்டில் அவர் வேறொரு நோக்கத்தோடு, ஒரு விட்டிலின் கூட்டுப்புழுவை ஈரமண்ணோடு புட்டியில் இட்டு மூடி வைத்தார். சில நாளில் அம்மண்ணிலிருந்து பெரணியும் புல்லும் தாமே முளைத்தன. வெளியே வளராத செடி, மூடிய கண்ணாடிக்குள் செழித்தது! உள்ளிருந்த ஈரம் ஆவியாகிக் கண்ணாடியில் படிந்து, மீண்டும் மண்ணுக்கே திரும்பியது. இதைக் கண்ட வார்டு கண்ணாடிப் பெட்டிகள் செய்வித்தார். 1833ஆம் ஆண்டில் அப்பெட்டிகளில் கப்பலேறிய செடிகள் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரை உயிரோடு அடைந்தன.

இச்செய்தி நமக்கு அயலானதன்று. 1876ஆம் ஆண்டு இலண்டனைச் சார்ந்த கியூ தோட்டத்திலிருந்து 1,900க்கும் மேற்பட்ட ரப்பர்க் கன்றுகள் 38 வார்டு பெட்டிகளில் இலங்கைக்குப் புறப்பட்டன. மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூரை அடைந்தன. அவற்றுள் சில பேராக்கில் உள்ள கோலகங்சாரில் நடப்பெற்றன. நம் முன்னோர் பால்மரம் என்று அழைத்த மரம் இந்நாட்டுக்கு வந்த வரலாறு இதுவே. பின்னாளில் அம்மரத்தை நம்பித் தமிழர் பல்லாயிரவர் கடல் கடந்து வந்தனர். தோட்டப்புற வாழ்வுக்கு அடியிட்ட அக்கண்ணாடிப் பெட்டியும், நம் கூடத்தில் நிற்கும் மீன்தொட்டியும் உடன்பிறப்புகள் என்றால் மிகையாகாது.

மூன்றாவது உயிர்

இனி, தொட்டியின் பிறப்புக்கு வருவோம். கடல்வாழ் உயிர்களைக் கண்ணாடிக் கலத்தில் வைத்து ஆராயும் முயற்சி முன்பே இருந்தது. சிசிலித் தீவின் மெசினா நகரில் வாழ்ந்த ஜீன் வில்புரூ பவர் என்னும் பெண் அறிஞர் 1832ஆம் ஆண்டளவில் அதனைச் செய்திருந்தார். ஆனால் நன்னீரில் செடியும் மீனும் ஒன்றையொன்று தாங்கி வாழும் முறையை அளந்து ஆராய்ந்து எழுதியவர் இராபர்ட் வாரிங்டன் ஆவார். அவர் இலண்டன் மருந்தியற் கழகத்தின் வேதியியலார்.

1849ஆம் ஆண்டில் அவர் ஏறத்தாழ 12 காலன் கொள்ளும் கண்ணாடிக் கலத்தில் மணலும் சேறும் கற்களும் இட்டு நீர் நிரப்பினார். வாலிஸ்நேரியா என்னும் நீர்ச்செடியை நட்டு, சிறிய தங்கமீன்கள் இரண்டை விட்டார். நாடாப் போன்ற நீண்ட இலையுடைய அச்செடி, இத்தாலிய அறிஞர் வாலிஸ்நேரியின் நினைவாகப் பெயர் பெற்றது. மீன் வெளியிடும் கரியமில வாயுவைச் செடி ஏற்று, மீனுக்கு வேண்டிய பிராணவாயுவைத் திருப்பித் தரும். ஆகவே நீரை மாற்றவேண்டிய தேவையே எழாது என்பது அவர் எண்ணம்.

செடி செழித்தது, மீனும் வாழ்ந்தது. ஆனால் நாளடைவில் முதிர்ந்த இலைகள் அழுகின. நீர் கலங்கிற்று, கண்ணாடியில் பச்சை வழுவழுப்பு ஏறிற்று. ஏட்டில் சரியாக வந்த கணக்குத் தொட்டியில் ஏன் பொய்த்தது? வாரிங்டன் இயற்கைக் குளத்தைக் கூர்ந்து நோக்கினார். அங்கே அழுகியதை உண்ண நத்தை இருந்தது. ஐந்தாறு குளத்து நத்தைகளைக் கொணர்ந்து தொட்டியில் விட்டார். அவை அழுகலை மேய்ந்து நீரைத் தெளிவாக்கின. அவற்றின் முட்டைகளும் குஞ்சுகளும் மீனுக்கு இரையாயின. இருவர் என்று எண்ணிய குடும்பத்தில் மூவர் உண்டு என்பதை 1850ஆம் ஆண்டில் அவர் வேதியியல் கழகத்துக்கு அறிவித்தார். அழுகலை அகற்ற ஒருவர் இல்லாத இல்லம் நிலைக்காது என்பதே அவர் கண்ட பாடம்.

மோகமும் வீழ்ச்சியும்

இங்கிலாந்தில் கண்ணாடிக்கு விதித்திருந்த வரி 1845ஆம் ஆண்டில் நீக்கப்பட்டிருந்தது. 1853ஆம் ஆண்டில் இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் பொதுமக்களுக்கெனக் கண்ணாடித் தொட்டிகள் கொண்ட மீனகம் திறக்கப்பட்டது. மறு ஆண்டில் பிலிப் கோஸ் என்பார் வெளியிட்ட நூல் 'அக்வேரியம்' என்னும் சொல்லை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. செல்வர் இல்லம்தோறும் தொட்டி வந்தது.

வந்த வேகத்திலேயே பல தொட்டிகள் நாறவும் செய்தன. வாரிங்டன் 12 காலன் நீருக்கு இரண்டு சிறு மீன்களையே விட்டார்; அவரைப் பின்பற்றியோர் பலர் அந்த அளவை மறந்தனர். அழகுக்காக மீன்களை நெருக்கினர். அன்பு மிகுந்து இரையைக் கொட்டினர். அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பது நம் பழமொழி. 1860களின் இறுதிக்குள் அம்மோகம் தணிந்துவிட்டது.

தந்தை கண்டதும் மகன் கண்டதும்

தொட்டிக் குடும்பத்தில் கண்ணுக்குத் தெரியாத நான்காமவர் ஒருவரும் உண்டு. அவரை அறிவதில் பங்கு கொண்டவர் வாரிங்டனின் மகனே என்பது வியப்பான செய்தி. தந்தையின் பெயரையே தாங்கிய அவர், இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் மண்ணை ஆராய்ந்தார். மண்ணில் அம்மோனியா நைட்ரேட்டாக மாறுவது நுண்ணுயிர்களின் செயல் என்று 1877ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர்களான சுலோசிங், முன்ட்சு ஆகிய இருவரும் காட்டினர். இளைய வாரிங்டன் அதனை உறுதிப்படுத்தியதோடு, அம்மாற்றம் இரு படிகளில் நிகழ்வது என்பதையும் கண்டார். முதற்படியில் அம்மோனியா நைட்ரைட்டாகிறது. அடுத்த படியில் நைட்ரைட்டு நைட்ரேட்டாகிறது. அந்நுண்ணுயிர்களைத் தனியே பிரித்தெடுக்கும் வெற்றி 1890ஆம் ஆண்டில் உருசிய அறிஞர் வினோகிராட்ஸ்கிக்குக் கிட்டியது.

இது மண்ணின் கதையாயினும் தொட்டிக்கும் பொருந்தும். மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியா மீனுக்கே நஞ்சு. அதனை மாற்றும் நுண்ணுயிர்கள் மணலிலும் கல்லிலும் குடியேறிப் பெருகச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் மீனை விடுவது, அடுப்பு மூட்டுமுன் விருந்தினரை இலையில் அமர்த்துவது போன்றது. இவ்விடைக்காலத்தில் செடிகளே கைகொடுக்கும். நீர்ச்செடிகள் பல, நைட்ரேட்டைவிட அம்மோனியாவையே விரும்பி உண்பன என்பதை அமெரிக்கரான டயானா வால்ஸ்டட் 1999ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விரிவாக எடுத்துரைத்தார். ஆக, செடி காற்றைத் திருத்துவதோடு நஞ்சையும் உண்கிறது. தந்தையின் ஆய்வும் மகனின் ஆய்வும் நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் ஒரே தொட்டியில் கைகோத்தன எனலாம்.

தொடங்குவோர்க்குச் சில சொற்கள்

மேற்கூறிய வரலாறே முறையையும் கற்பிக்கிறது. முதலில் 50 லிட்டர் அளவுள்ள தொட்டி போதும். மிகச் சிறிய கலத்தில் நீர் விரைவில் கெடும். அடியில் கழுவிய மணலை இரண்டு அங்குல உயரத்துக்குப் பரப்பலாம். முதல் நாளிலேயே செடிகளை நெருக்கமாக நடவேண்டும். செடி குறைந்த இடத்தில் பாசி குடியேறும். விளக்கொளி நாள்தோறும் எட்டு மணி நேரம் போதுமானது. சாளரத்து வெயில் தொட்டியில் நேரே விழுமாயின் நீர் பச்சையாகிவிடும். சிங்கப்பூர்க் குழாய்நீரில் குளோரமின் கலந்திருப்பதால், ஓர் இரவு வைத்திருந்து ஊற்றுவது போதாது. கடையில் விற்கும் நீர்திருத்தி மருந்தைக் கலந்த பின்னரே ஊற்றவேண்டும்.

எளிய செடிகளுள் வாலிஸ்நேரியா ஒன்று. அதன் வேர் மணலுக்குள்ளும், இலைகள் கிளைக்கும் அடிப்பகுதி மணலுக்கு மேலும் இருத்தல் வேண்டும். பெரணி இனத்து 'ஜாவா பெரணி'யின் கிழங்குத்தண்டை மணலில் புதைத்தால் அழுகும். கட்டையிலோ கல்லிலோ நூலால் கட்டிவிடவேண்டும். இலங்கையைத் தாயகமாகக் கொண்ட கிரிப்டோகோரைன் வென்டியை என்னும் செடி மங்கிய ஒளியிலும் வளரும். இடம் மாற்றினால் அதன் இலைகள் கரைந்து விழும். இறந்ததென்று பிடுங்கி எறிந்துவிடலாகாது. வேர் உயிரோடிருக்கும், சில வாரங்களில் புதிய இலை தளிர்க்கும்.

புதிய இலைகள் நன்கு தோன்றி, ஒரு மாதமும் சென்ற பின்னர், சில சிறு மீன்களை மட்டும் விடுக. வாரம் ஒருமுறை நீரில் நாலிலொரு பங்கை மாற்றுக. முதிர்ந்த இலைகளை அழுகுமுன் கிள்ளி எடுத்துவிடுக. நீரையே மாற்றவேண்டாம் என்று எண்ணிய வாரிங்டனின் ஆசை முழுமையாக நிறைவேறுவதன்று. தொட்டி குளத்தின் ஒரு துளியே, குளமன்று. ஜப்பானிய நிழற்படக் கலைஞர் தக்காசி அமானோ (1954–2015) கரியமில வாயுவைத் தொட்டியில் செலுத்தி நீரடிக் காடுகளையே படைத்துக் காட்டினார். நீரில் அவ்வாயு பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிட ஏறத்தாழப் பத்தாயிரம் மடங்கு குறைவு. ஆகவே அதனைக் கூட்டியளித்தால் செடி விரைந்து வளரும். ஆயினும் தொடங்குவோர்க்கு அக்கருவி தேவையில்லை. பொறுமையே போதும்.

நம் ஓடைகளின் செல்வம்

இறுதியாக ஒன்று. உலகெங்கும் தொட்டிகளை அணிசெய்யும் கிரிப்டோகோரைன் இனத்துள் பல, மலேசியக் காட்டோடைகளில் தாமே வளர்வன. மலாக்காவில் 1845ஆம் ஆண்டில் மறைந்த தாவர அறிஞர் வில்லியம் கிரிப்பித்தின் பெயரை அவற்றுள் ஒன்று தாங்கி நிற்கிறது. சிங்கப்பூரின் புக்கித் தீமாவில் மட்டுமே காணப்படும் ஒரு கலப்பினம் 2001ஆம் ஆண்டில்தான் அறிவியல் உலகுக்கு அறிமுகமாயிற்று. அது அழிவின் விளிம்பில் நிற்கிறது. மறுபுறம், தென் அமெரிக்காவைச் சேர்ந்த கபொம்பா என்னும் நீர்ச்செடி பகாங் மாநிலத்துச் சினி ஏரியில் பரவி, அங்கிருந்த செடிகளை நெருக்கியது. ஆகவே தொட்டியில் மிஞ்சிய செடியை ஓடையிலோ ஏரியிலோ எறிதல் தகாது. உலர்த்திக் குப்பையில் இடுவதே முறை. காட்டோடைச் செடிகளைப் பிடுங்கி வருவதும் வேண்டா. பண்ணையில் வளர்த்த செடிகளே கடையில் கிடைக்கின்றன.

ஆசிரியப் பெருமக்கள் வகுப்பறையில் ஒரு தொட்டியை வைப்பார்களாயின், மாணவர்க்கு ஒளிச்சேர்க்கையை ஏட்டில் காட்டவேண்டியதில்லை. காலையில் விளக்கு ஏற்றியபின் இலைநுனியிலிருந்து வெள்ளிமணி போல் எழும் குமிழிகளைச் சிறுவரே எண்ணட்டும். விளக்கை அணைத்ததும் அவை குறைந்து நிற்பதையும் அவர்களே கண்டறியட்டும். 1779ஆம் ஆண்டில் இங்கன்ஹவுஸ் கண்டதும் அதுவே. மீனை மட்டும் வளர்த்தவன் மீனை அறிவான். செடியை முதலில் வளர்த்தவன், ஓர் உயிர் மற்றோர் உயிரைத் தாங்கி நிற்கும் முறையை அறிவான். அந்த அறிவு தொட்டியோடு நின்றுவிடாது. நம் ஓடைகளையும் காடுகளையும் காக்கும் உணர்வாக வளரும்.