எண்ணும் குழி, அளக்கும் கட்டை

பல்லாங்குழி ஆடும் பிள்ளைக்குக் கணக்கு தானாக வரும் என்று நம் பாட்டிமார் நம்பியதில் நியாயம் உண்டு. பக்கத்துக்கு ஏழாக 14 குழி. குழிக்கு ஐந்து முத்து என்றால் மொத்தம் 70. கூட்டலைவிட முன்யோசனைதான் இந்த ஆட்டத்தின் உயிர். இந்தக் குழியை அள்ளினால் கடைசி முத்து எங்கே விழும், வெறுங்குழியைத் தடவி அடுத்ததை எடுக்க முடியுமா என்று கை வைக்கும் முன்பே மனம் ஓடிப் பார்த்துவிட வேண்டும். நான்கு சேர்ந்தால் ‘பசு’ என்று எடுக்கும் வழக்கத்தில், மூன்றை எண்ணாமலே அறியக் கண் பழகிவிடுகிறது.

ஆனால் அங்கே புளியங்கொட்டையோ சோழியோ, பெரிதோ சிறிதோ, ஒன்று என்றால் ஒன்றுதான். நீளம், பாதி, பருமன் எதற்கும் இடமில்லை. அவற்றைக் கட்டை விளையாட்டு தருகிறது. 1837-இல் ஜெர்மனியில் மழலையர் கல்விக்கு வித்திட்ட ஃபிரோபெல், எட்டுச் சிறு கனசதுரங்கள் சேர்ந்து ஒரு பெரிய கனசதுரமாகும் கட்டைகளைப் பிள்ளைகளிடம் கொடுத்தார். அதே எட்டும் கோபுரமாகும், சுவராகும், கலைத்து அடுக்கினால் பழைய கனசதுரமே ஆகும். அமெரிக்காவின் கரோலின் பிராட் வகுத்த கட்டைகளில் இரண்டு பாதி சேர்ந்தால் ஒரு முழுக்கட்டை. சுவரில் விழுந்த இடைவெளிக்கு முழுக்கட்டை பொருந்தாமல் பாதியைத் தேடி எடுக்கும் பிள்ளை, பெயர் தெரியாமலே பின்னத்தைத் தொட்டுவிடுகிறது. மூன்று வயதினரிடம் பிரையன் வெர்டைன் குழுவினர் நடத்தி 2014-இல் வெளியிட்ட ஆய்வும் கட்டை பொருத்தும் திறனுக்கும் தொடக்கக் கணக்குக்கும் தொடர்பு கண்டது. ஒன்றால்தான் மற்றது விளைகிறது என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது.

பல்லாங்குழிக்கு விதியும் எதிராளியும் வேண்டும். இரண்டு வயதுப் பிள்ளை முத்தை வாயில் போட்டுக்கொள்ளும். அதனால் கட்டை முதலில், குழி பிறகு என்பதே என் முடிவு.

இந்த முடிவைக் கல்வராயன் மலைக்குப் பொருத்திப் பார்ப்போம். அங்கே வெள்ளிமலைப் பக்கத்து ஊர்களில் மண்ணில் குழி தோண்டினால் செலவில்லாமல் பல்லாங்குழி தயார். ஓடைக் கல்லை அடுக்கலாம். ஆனால் அது சரிபாதியாகக் கிடைக்காது. அடிவாரத்திலோ, 2021-இல் புவிசார் குறியீடு பெற்ற கள்ளக்குறிச்சி மரச்சிற்பக் கலைஞர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பட்டறையில் மிஞ்சும் துண்டு மரமே போதும். வர்ணம் வேண்டாம்; விளிம்பை மழுங்க இழைத்து, இரண்டு பாதி பிசகாமல் ஒரு முழுக்கட்டையாகும்படி அறுத்துத் தரட்டும். மாவட்ட நிர்வாகம் உரிய கூலி கொடுத்து அவற்றை வாங்கி, மலையிலுள்ள ஒவ்வொரு அங்கன்வாடிக்கும் அனுப்ப வேண்டும்.