மலைக்கும் ஊருக்கும் நடுவில்

கள்ளக்குறிச்சியின் மேற்குப் பக்க வயல்கள் கல்வராயன் மலையை நம்பிப் பிழைக்கின்றன. கச்சிராயபாளையம் பக்கத்தில் 46 அடிக்குத் தண்ணீர் தேக்கும் கோமுகி அணையை நம்பித்தான் அடிவாரத்தில் நெல்லும் கரும்பும் நடப்படுகின்றன. மலையிலிருந்து என்ன வருகிறது என்பது கீழே எல்லாருக்கும் தெரியும். மலைக்காரர்களோடு கீழேயிருந்து யார் பேசினார்கள் என்பது வேறு கதை.

நெடுங்காலம் பேசியவர்கள் ஜாகீர்தார்கள். சடையக் கவுண்டன், குறும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் ஜாகீர்கள் மூன்றும் பழைய தென்னாற்காட்டில். சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் இரண்டும் சேலத்தில். காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியதாகப் பூர்வகதை சொல்லும் மலையாளிப் பழங்குடியினருக்கு சர்க்கார் என்றால் இந்தக் குடும்பங்கள்தான். ஜமீன்கள் ஒழிந்த பிறகும் இவை பிழைத்துக்கிடந்தன. 1963ஆம் ஆண்டு இனாம் ஒழிப்புச் சட்டம் வந்தும் இழுபறி ஓயவில்லை. 1976இல்தான் மலை அரசின் கைக்கு வந்தது.

ஜாகீர்தார் போனார், சரி. அந்த இடத்துக்கு யார் வந்தார்கள்? மலைமக்களுக்கு ஓட்டுரிமையே 1996இல்தான் கிடைத்தது என்று, கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தின் கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு 2024இல் சென்னை உயர்நீதிமன்றம் இந்த மலைமக்களின் நிலை பற்றித் தாமாக முன்வந்து எடுத்த வழக்கில் சொல்லப்பட்டது. சொன்னபடியே என்றால், நடுவில் இருபது வருடம் போயிருக்கிறது.

முன்பணம் கொடுத்த வியாபாரியே விளைச்சலுக்கு விலையும் வைப்பது பழங்குடிப் பகுதிகளின் பழைய நோய். அதற்கு மருந்தாக, 1971இல் அமைந்த பாவா குழுவின் யோசனைப்படி ‘லாம்ப்ஸ்’ எனப்படும் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் பிறந்தன. கல்வராயன் மலைக்கும் வந்தன. கடன், ரேஷன், வனப்பொருள் கொள்முதல் எல்லாம் ஒரே இடத்தில். இங்கே முக்கியமான சரக்கு கடுக்காய்; தோல் பதனிடவும் சித்த மருந்துக்கும் வேண்டியது. தனியாளாக ஒரு மூட்டையோடு இறங்குகிறவர் கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டுப் போவார். சங்கம் எடைபோட்டுச் சேர்த்துவைத்து மொத்தமாக விற்கலாம். யோசனை அருமைதான். நடைமுறையில் தமிழகத்தின் பல லாம்ப்ஸ் சங்கங்கள் ரேஷன் கடையும் கடன் கவுன்டருமாகச் சுருங்கின.

1997இல் ஜப்பான் கடனுதவியில் தொடங்கிய தமிழ்நாடு காடு வளர்ப்புத் திட்டம் கிராம வனக்குழுக்களைக் கொண்டுவந்தது. மரம் நடுவதோடு தடுப்பணையும் கட்டியதால், மேலே செய்த வேலையின் பலன் கீழேயும் இறங்கும். 2006 வன உரிமைச் சட்டம் ஒரு படி மேலே போய், காட்டைக் காக்கும் பொறுப்பைக் கிராம சபைக்கே கொடுத்தது. அடிவாரத்திலோ, 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி பாசன விவசாயிகளுக்குத் தனிச் சங்கங்கள். ஒரே தண்ணீரின் இரண்டு முனைகள் இவை. இரண்டு பேரையும் ஒரே பாயில் உட்காரவைக்க அந்த இரண்டு சட்டங்களிலும் வழியில்லை.