கைப்பிடியிலே ஒரு நெம்புகோல்

மோட்டார் சைக்கிளின் இடது கைப்பிடிக்கு முன்னே, நான்கு விரல்களால் இழுத்துப் பிடிக்கத்தக்க ஒரு சிறு நெம்புகோல் உண்டு. பட்டறைக்காரர் அதனைக் கிளட்ச் லிவர் என்பர். வண்டியின் மொத்த விலையோடு ஒப்பிட்டால் அதன் விலை அற்பம். ஆயினும் மலைச்சாலையின் நடுவே அது முறிந்துபோமாயின் அடுத்த வளைவைக் கடப்பதும் அரிதாகிவிடும். இச்சிறு கருவியின் வரலாற்றையும், தமிழகத்தின் மேற்கு எல்லையில், பாலக்காட்டுக் கணவாயிலும் இடுக்கி மலைகளிலும், அது பெற்றுள்ள இடத்தையும் இன்று காண்போம்.

1894ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ஹில்டெபிராண்ட், வுல்ஃப்முல்லர் என்போர் செய்து விற்ற வண்டியில் கிளட்ச் என்பதே இல்லை. இயந்திரத்தின் தண்டுகள் பின்சக்கரத்தோடு நேரே பிணைந்திருந்தன. இயந்திரம் ஓடினால் சக்கரமும் ஓடும். சக்கரம் நின்றால் இயந்திரமும் நிற்கும். ஆகவே வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடி, அது உயிர்பெற்றதும் தாவி ஏறுவதே வழக்கமாயிற்று. இயந்திரத்தையும் சக்கரத்தையும் வேண்டும்போது பிரிக்கவும் வேண்டும்போது சேர்க்கவும் ஒரு வழி தேவைப்பட்டது. உராய்வுத் தகடுகளைச் சுருள்வில்லால் அழுத்திச் சேர்த்து, தேவையானபோது அவ்வழுத்தத்தை நீக்குவதே அவ்வழி. அதுவே கிளட்ச்.

அழுத்தத்தை நீக்கும் ஆணை ஓட்டுபவரின் கையிலிருந்து தகடுகளுக்குச் செல்ல வேண்டுமல்லவா? இதற்குத் துணைசெய்தது 1896ஆம் ஆண்டில் எர்னஸ்ட் மொனிங்டன் பௌடன் காப்புரிமை பெற்ற கம்பி வடம். வளையும் உறைக்குள் ஓடும் எஃகுக் கம்பியானபடியால், எந்த வளைவு நெளிவிலும் அது இழுவிசையைக் கொண்டுசெல்லும். முதல் உலகப் போரில் செய்தி கொண்டு சென்ற டிரையம்ஃப் வண்டிகள் கிளட்சும் மூன்று வேகப் பெட்டியும் கொண்டவை. ஆயினும் எல்லா நாட்டாரும் கைக்கிளட்சை உடனே ஏற்றனர் என்பதில்லை. அமெரிக்காவின் ஹார்லி டேவிட்சன் வண்டிகளில் காலால் கிளட்சை மிதித்துக் கையால் வேகம் மாற்றும் முறை நெடுங்காலம் நிலவியது. கைக்கிளட்சும் கால் கியரும் அங்கே வந்தது 1952ஆம் ஆண்டில்தான்.

நம் நாட்டில் இவ்வண்டிகள் பெருகியது விடுதலைக்குப் பின்னரேயாம். எல்லைக் காவலுக்குத் தக்க வண்டியை நாடிய இந்திய அரசு, 1950களின் முற்பகுதியில் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்ட் நிறுவனத்திடம் 350 சி.சி. புல்லட் வண்டிகள் 800ஐக் கேட்டது. 1955ஆம் ஆண்டில் அந்நிறுவனமும் சென்னையின் மதராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியா நிறுவனத்தைத் தோற்றுவித்தன. திருவொற்றியூரில் எழுந்த ஆலையில் முதலில் வெளிநாட்டு உறுப்புகளைப் பூட்டும் பணியே நடைபெற்றது. 1962க்குள் எல்லா உறுப்புகளும் இங்கேயே செய்யப்படலாயின. தாய் நிறுவனத்தின் உற்பத்தி 1970ஆம் ஆண்டில் நின்றது. சேய் நிறுவனமோ இன்றும் வாழ்கிறது. மைசூரில் 1960ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ஐடியல் ஜாவாவின் வண்டிகளில் வேறொரு நுட்பம் இருந்தது. காலால் கியரை அழுத்தும்போதே கிளட்ச் தானே விலகிக்கொடுக்கும். கை லிவர் முறிந்த வேளையிலும் வேகத்தை மாற்றிக்கொண்டு ஊர்போய்ச் சேரலாம். மலைநாட்டார் இதனைப் போற்றியதில் வியப்பில்லை.

இனி நாம் கூறவந்த நிலத்துக்குச் செல்வோம். 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்த பாலக்காடு கேரளத்தோடு சேர்ந்தது. தேவிகுளமும் பீர்மேடும் தமிழகத்தோடு இணைய வேண்டும் என நேசமணியும் ம. பொ. சிவஞானமும் முழங்கினர், ஆயினும் அவை கேரளத்திலேயே நின்றன. 1972இல் இடுக்கி மாவட்டம் உருவானபோது அவை அதன் பகுதிகளாயின. மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த தமிழ்க் குடும்பங்கள், இருந்த இடத்திலிருந்து அசையாமலே வேற்று மாநிலத்தில் வாழும் தமிழராயினர்.

எல்லைக்கோடு வரைபடத்தில் விழுந்தது. வழிகளோ முன்போலவே கிடந்தன. போடியிலிருந்து போடிமெட்டு வழியாகவும், உடுமலையிலிருந்து சின்னாறு, மறையூர் வழியாகவும் மூணாற்றுக்கு ஏறுகிறோம். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து குமுளிக்கு ஏறுகிறோம். பாலக்காட்டு மாவட்டத்தைச் சேர்ந்த பறம்பிக்குளத்துக்குப் பேருந்துச் சாலை தமிழகத்தின் சேத்துமடை, டாப்சிலிப் வழியாகவே செல்கிறது. மூணாற்றில் ஓடிய சிறு இரயில் 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் அழிந்தது. இடுக்கி மாவட்டத்தில் இன்றும் இரயில் இல்லை. எனவே பேருந்து தவறினால் கைகொடுப்பது இருசக்கர வண்டியே. மருந்து வாங்கவும், பிள்ளையைத் தேர்வுக்குக் கொண்டுவிடவும், மணவீட்டுக்கும் சாவீட்டுக்கும் இருபுறமும் சென்று வரவும் அதுவே துணை.

சமவெளியில் வண்டி சாய்ந்து லிவர் முறிந்தால், தெருக்கோடிப் பட்டறை வரை தள்ளிச் செல்லலாம். கொண்டைஊசி வளைவிலோ நிலைமை வேறு. வளைவுதோறும் வேகத்தைக் குறைத்துக் கியரை மாற்ற வேண்டும். எதிரே பேருந்து வந்தால் ஏற்றத்தில் நின்று, மீண்டும் மெல்லப் புறப்பட வேண்டும். இவ்விரண்டையும் செம்மையாகச் செய்யக் கிளட்ச் வேண்டும். ஆகையால் மலையேறுபவர், மாற்று லிவர் ஒன்றையும் மாற்றுக் கேபிள் ஒன்றையும் உடன் வைத்திருப்பது அறிவுடைமை.

மாற்றும் முறை கடினமன்று. வண்டியைச் சமதளத்தில் நடுத்தாங்கியில் நிறுத்தி, இயந்திரத்தை அணைத்து, கியரை நியூட்ரலுக்குக் கொணர்க. லிவருக்கருகே கேபிள் நுழையும் இடத்திலுள்ள பூட்டு நட்டைத் தளர்த்தி, அட்ஜஸ்டரை உள்நோக்கித் திருகினால் கேபிள் தொய்யும். அட்ஜஸ்டர், நட்டு, தாங்கி மூன்றிலும் உள்ள கீறல்களை ஒரே நேராக நிறுத்திக் கேபிளை அதன் வழியே வெளியே எடுத்து, முனைக் குமிழை லிவரின் குழியிலிருந்து விடுவிக்கலாம். பின்னர் லிவரைத் தாங்கும் போல்ட்டைக் கழற்றினால் பழையது கையோடு வரும். புதியதைப் பொருத்துமுன் போல்ட்டையும் துளையையும் துடைத்துச் சிறிது கிரீஸ் இடுக. லிவர் தடையின்றி அசையுமளவுக்கே போல்ட்டை முறுக்குக.

இதற்கு மேல்தான் கைப்பழக்கம் வேண்டும். கேபிளை மாட்டியபின், லிவரின் அடிப்பகுதிக்கும் தாங்கிக்கும் இடையே ஏறக்குறைய 2 அல்லது 3 மில்லிமீட்டர் தளர்ச்சி இருக்குமாறு அட்ஜஸ்டரைத் திருப்ப வேண்டும். வண்டிக்கேற்ப இவ்வளவு சிறிது மாறும். தளர்ச்சி இல்லையெனில் தகடுகள் முழுதும் சேராமல் வழுக்கிக் கருகும். மிகுந்தாலோ அவை முழுதும் பிரியாமல் கியர் மாற்றும்போது கரகரப்பு எழும். கைப்பிடியை இருபுறமும் முழுதும் திருப்பிப் பார்த்துக் கேபிள் எங்கும் இழுபடவில்லை என்று தெளிந்த பின்னரே சாலையில் இறங்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. வளைந்த அலுமினிய லிவரைத் தட்டி நிமிர்த்திப் பயன்படுத்துதல் ஆகாது. கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு அதனுள் இருக்கக்கூடும். நிமிர்ந்ததாக நாம் நம்பும் அதே லிவர், இறக்கத்தில் நம்மைக் கைவிடும். லிவரின் தாங்கியைக் கைப்பிடியில் அளவுக்கு மேல் இறுக்காமலிருப்பதும் நன்று; வண்டி சாய்ந்தால் தாங்கி சற்றே சுழன்று லிவரைக் காக்கும்.

தொலைநகரங்களில் வாழும் தமிழன்பர்கள் விடுமுறையில் ஊர் திரும்பி இச்சாலைகளில் ஏறும்போது, இச்சிறு செய்தியை நினைவில் கொள்க. மாநிலங்களைப் பிரித்த கோடு மக்களின் உறவை அறுத்துவிடவில்லை. அந்த உறவை நாள்தோறும் சுமந்து மலையேறும் எளிய வண்டியின் இயல்பை அறிந்து, பழுதைத் தம் கையாலேயே நீக்கிக்கொள்பவர் வழியில் தவிப்பதில்லை. தவிப்பவர் ஒருவரைக் கண்டால், அவர் எம்மொழி பேசுபவராயினும், வண்டியை நிறுத்தி உதவவும் அவரால் இயலும்.