கொள்ளிடத்து மணலில் ஒரு மூன்றாம் பெயர்

திருச்சிக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் பழகியவர்கள் இந்தப் பறவையைப் பார்த்திருப்பார்கள். தண்ணீர் வற்றிய கொள்ளிடத்து மணல்திட்டில் குடுகுடுவென்று ஓடும், சட்டென்று நிற்கும், ஒரு கொத்துக் கொத்திவிட்டு மறுபடி ஓடும். கழுத்தில் கறுப்புப் பட்டை, கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம். பட்டாணி உப்புக்கொத்தி என்பார்கள். குளிர்காலத்தில் அதே திட்டில் இரண்டு துணையினங்கள் சேர்ந்து மேயும். ஒன்று இங்கேயே பிறந்தது, மற்றது வடக்கே வெகுதொலைவிலிருந்து வலசை வந்தது. இரண்டையும் பிரிக்கும் மூன்றாவது லத்தீன் பெயர் காவிரிக்கரைக்கு நேர்வழியில் வந்து சேரவில்லை.

பியர் சொன்னரா என்ற பிரெஞ்சுக்காரர் 1776இல் நியூகினிப் பயணநூல் ஒன்றை வெளியிட்டார். நியூகினியில் இல்லாத பென்குவின்களைக்கூட அந்த ஊர்ப் பறவைகள் என்று எழுதிய நூல் அது. பிலிப்பைன்ஸின் லூசோன் தீவில் கண்ட ஓர் உப்புக்கொத்தியும் அதில் இருந்தது. இத்தாலியில் இருந்த ஸ்கோபோலி, பறவையைக் கண்ணால் பாராமலே, சொன்னரா எழுதியதை நம்பி 1786இல் 'டூபியஸ்' என்று பெயரிட்டார். மூன்றே ஆண்டில் ஜெர்மனியின் க்மெலின், பால்டிக் கரையோரக் கூர்லாந்துப் பறவைக்குக் 'குரோனிகஸ்' என்ற பெயரைக் கொடுத்தார். அவரும் பிறர் எழுதியவற்றைத் திரட்டித் தொகுத்தவர்தான்.

நம் ஊர்ப் பறவை இன்னும் பெயருக்குக் காத்திருந்தது. 1837இல் தாமஸ் ஜெர்டன் என்ற இளம் மருத்துவர் திருச்சியில் இருந்த குதிரைப்படைப் பிரிவுக்கு மாற்றலாகி வந்தார்.  பிறகு படையோடு ஜால்னாவுக்குப் போய்விட்டார். பின்னாளில் இந்தியப் பறவைகளைப் பற்றிப் பெருநூல் எழுதி, 1872இல் மறைந்தார். எட்டு ஆண்டு கழித்து, டாஸ்மேனியாவில் பிறந்து இலங்கையில் பீரங்கிப்படை அதிகாரியாக இருந்த வின்சென்ட் லெக், இந்தியாவின் சிறிய உப்புக்கொத்தியைத் தனி இனமாகப் பிரித்து அதற்கு 'ஜெர்டோனி' என்று பெயர் வைத்தார்.

அது மூன்றாம் இடத்துக்கு இறங்கியது வேறொரு பழக்கத்தால். ஓர் இனத்துக்குள் நிலையாக வேறுபடும் கிளைக்கு மூன்றாவது பெயர் தரும் முறையை ஹாலந்தின் ஷ்லேகல் 1844இலேயே கையாண்டார். ஆங்கிலேயர் முகம் சுளித்தார்கள். அமெரிக்கர்கள் 1886இல் அதை விதியாக்கினார்கள். இங்கிலாந்தின் டிரிங் அருங்காட்சியகத்தில் இருந்த ஹார்ட்டர்ட் ஐரோப்பாவில் பரப்பினார். அஸ்ஸாமில் போலீஸ் அதிகாரியாக இருந்த ஸ்டூவர்ட் பேக்கர், 1922இல் தொடங்கிய தம் இந்தியப் பறவை நூல்வரிசையில் அதையே பின்பற்றினார். இப்படித்தான் லூசோன் பறவை தலைமை இனமாக, பால்டிக்காரரும் நம்மவரும் அதன் கிளைகளானார்கள்.

அந்தக் காலத்தில் துணையினம் அறிவதென்றால் சுட்டு, தோலுரித்து, இறக்கையை அளப்பது. இன்று இருநோக்கி போதும், பொறுமையும் வேண்டும். ஜெர்டோனி உருவில் சற்றுச் சிறியது. கண்வளையம் தடித்துப் புடைத்திருக்கும். கீழலகின் அடியில் மஞ்சள் கூடுதல். குளிர்காலக் குரோனிகஸில் வளையம் மெலிந்து, மார்புப் பட்டை பழுப்பாக மங்கியிருக்கும். டிசம்பரில் இந்த வேறுபாட்டை நம்பலாம். மார்ச்சில் நம்பக்கூடாது: ஊர் திரும்பும் முன் விருந்தாளியும் பளிச்சென்று மாறிவிடும். ஒரே ஓர் அடையாளத்தை வைத்துப் பெயர் எழுதும் அவசரம் எனக்கு ஒப்பாது.

எந்த அளவுகோலையும்விட உறுதியான சான்று முட்டைதான். குரோனிகஸ் இங்கே முட்டையிடுவதில்லை. மணலில் சிறு குழி, அதில் மணல் நிறத்திலேயே புள்ளியிட்ட முட்டைகள், பக்கத்தில் கத்திக்கொண்டே ஓடும் பட்டாணி உப்புக்கொத்தி என்றால் அது ஜெர்டோனி. ஆனால் அந்தக் குழி, ஆறு வறண்டு மணல் வண்டிகள் இறங்கும் அதே மாதங்களில், அதே திட்டில் இருக்கிறது. ஜெர்டோனி என்று குறித்துக்கொள்கிறவர் கூடு இருந்த இடத்தையும் தேதியையும் வனத்துறைக்குச் சொல்லிவிட்டால், அந்தத் திட்டில் மணல் எடுப்பதைக் குஞ்சுகள் ஓடத் தொடங்கும்வரை தள்ளிவைக்கக் கேட்கலாம். முட்டை பொரிய ஏறக்குறைய மூன்றரை வாரம் ஆகும்.