72 கொத்தளமும் 72 மேளமும் - மதுரை நாயக்கரும் தஞ்சை நாயக்கரும்

மதுரை பெரியார் பஸ் ஸ்டாண்டில் இறங்கி மீனாட்சி அம்மன் கோவிலுக்கு நடந்து போகிறவர்கள், தினமும் ஒரு கோட்டையைத் தாண்டித் தான் போகிறார்கள். கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவு தான். மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி, வெளி வீதி என்று இன்று டிராஃபிக்கில் திணறும் தெருக்கள் எல்லாம், பிளாக்பர்ன் என்ற வெள்ளைக்கார கலெக்டர் 1840களை ஒட்டி கோட்டை மதிலை இடித்து அகழியைத் தூர்த்த போது பிறந்தவை. மாரட் சர்வேயர், பெருமாள் மேஸ்திரி அந்த வேலையைப் பார்த்தவர். விளக்குத்தூண் அந்த கலெக்டரின் நினைவாக வைத்தது.

இடிபட்ட அந்தக் கோட்டைக்கு 72 கொத்தளங்கள் இருந்தன என்றும், ஒவ்வொன்றையும் காப்பது ஒரு பாளையக்காரரின் பொறுப்பு என்றும் சொல்வார்கள். 72 கொத்தளம், 72 பாளையம்.

இங்கிருந்து நாலு மணி நேர பஸ் பயணத்தில் தஞ்சாவூர். அங்கேயும் நாயக்கர்கள் தான் ஆண்டார்கள். அங்கேயும் ஒரு 72 உண்டு. ஆனால் அது கர்நாடக சங்கீதத்தின் 72 மேளம்! விஜயராகவ நாயக்கர் கேட்டுக்கொண்டதற்காக வேங்கடமகி எழுதிய 'சதுர்தண்டி பிரகாசிகை'யில் தான் அந்தக் கணக்கு வருகிறது. ஒரு ஊர் எழுபத்திரண்டு என்று எண்ணி ஆட்களை நிறுத்தியது, இன்னொரு ஊர் எழுபத்திரண்டு என்று எண்ணி ஸ்வரங்களை அடுக்கியது. (இரண்டுமே கொஞ்சம் காகிதக் கணக்கு தான். பாளையங்களின் பட்டியல் ஆளுக்கு ஆள் மாறும். வேங்கடமகியும் தன் காலத்தில் வழக்கில் இருந்தவை 19 மேளம் தான் என்று ஒப்புக்கொள்கிறார்.)

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் மாதிரி கம்ப்யூட்டர் கேம் விளையாடுபவர்களுக்கு இது பழகிய விஷயம். ஒருத்தன் எடுத்த எடுப்பில் படை வீடு கட்டுவான். இன்னொருத்தன் வயல் போட்டுக் கொண்டே இருப்பான். யார் ஜெயிப்பார் என்பது கேமில் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். மதுரை-தஞ்சை விஷயத்தில் அது தெரிய இருநூற்றைம்பது வருஷத்துக்கு மேல் ஆனது... முடிவும் கேமில் வருகிற மாதிரி வரவில்லை.

இரண்டு வம்சமும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் தொடங்கியவை. இரண்டும் தெலுங்கு பேசியவை, இரண்டும் விஜயநகரத்தின் கீழ் வந்தவை. மதுரையில் விஸ்வநாத நாயக்கர் ஆட்சி 1529ல் தொடங்கியது என்பது வழக்கமான கணக்கு. பேரரசரை மீறிய தன் சொந்த அப்பா நாகம நாயக்கரையே பிடித்துக் கொண்டு போய் நிறுத்தியவர் என்று அவரைப் பற்றிக் கதை உண்டு. தஞ்சையில் சேவப்ப நாயக்கர் 1532 வாக்கில் வந்தார். அவருக்கு அப்படிப்பட்ட வீரக் கதை எதுவும் தேவைப்படவில்லை. பேரரசர் அச்சுதராயருக்கு அவர் சகலை!

வித்தியாசம் மண்ணில் இருந்தது. தஞ்சை காவிரி டெல்டா. ஆற்றில் தண்ணீர் வந்தால் நெல் வரும், நெல் வந்தால் வரி வரும். களத்துமேட்டில் ஆளை நிறுத்தினால் போதும், ராஜாவின் பங்கு வீடு வந்து சேரும். மதுரைச் சீமை அப்படி இல்லை. வைகை பாதி நாள் மணலாகக் கிடக்கும் ஆறு. பெரியாற்றுத் தண்ணீர் மலையைத் தாண்டி வந்ததே 1895ல் தான். நாயக்கர் காலத்தில் கண்மாய் பாசனமும், மழையை நம்பிய புன்செயும், தெற்கே கரிசலும் தான் சீமை. மேற்கே மலையடிவாரம், கிழக்கே மறவர் நாடு. ஊருக்கு ஊர் ஆயுதம் வைத்திருக்கும் காவல்காரர்கள். இதில் எந்த ராஜா, எந்த களத்துமேட்டில் போய் ஆளை நிறுத்துவார்?

விஸ்வநாதருக்கு வாய்த்த தளவாய் அரியநாத முதலியார் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். அடக்க முடியாத ஆட்களை ஆட்சிக்குள் இழுத்து விட்டால்? அந்தந்தப் பகுதியில் செல்வாக்குள்ளவர்களையும், கூட வந்த தெலுங்குத் தலைவர்களையும் பாளையக்காரர்கள் ஆக்கினார். வரி வசூல், ஊர்க் காவல், வழக்கு எல்லாம் அவர்கள் பாடு. வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு மதுரைக்கு, ஒரு பங்கு படை வைத்திருக்க, மீதி ஒரு பங்கு பாளையக்காரருக்கு. கூப்பிட்டால் படையோடு வர வேண்டும். கஜானாவில் இருந்து சம்பளம் போடாமலே ஒரு பெரிய படை! உள்ளூர் மிராசுக் குடும்பம் எதிலும் பிறக்காத ஒரு மனிதர் இதைச் செய்தார் என்பது தான் ஆச்சரியம். மீனாட்சி கோவில் ஆயிரங்கால் மண்டபத்துக்குப் போனால் வாசலில் குதிரை மேல் உட்கார்ந்திருக்கும் சிலை அவர் தான். மண்டபமும் அவர் கட்டியது.

தஞ்சையிலும் அரியநாதருக்குச் சமமாக ஒரு அமைச்சர் இருந்தார், கோவிந்த தீட்சிதர். ஆனால் அவர் பெயர் நிற்கும் இடங்களைப் பாருங்கள்: கும்பகோணம் மகாமகக் குளத்தைச் சுற்றியுள்ள 16 மண்டபங்கள், பாடசாலைகள், சங்கீத நூல். வேங்கடமகி அவருடைய மகன் தான். அச்சுதப்ப நாயக்கர் மெலட்டூரை 510 அந்தணக் குடும்பங்களுக்குக் கொடுத்தார் என்பது ஊர் வழக்கு. ரகுநாத நாயக்கரின் சபையில் ராமபத்ராம்பா என்ற பெண் கவி, ராஜாவைப் பற்றியே காவியம் எழுதினார். விஜயராகவர் தினமும் பல ஆயிரம் பேருக்குச் சோறு போட்ட பிறகு தான் சாப்பிடுவாராம். அந்த அன்னதானத்தையே கதையாக வைத்து அவர் சபையில் ஒரு தெலுங்கு நாடகம் எழுதினார்கள். சாப்பாடு போடுவது தர்மம் என்பதோடு நிற்கவில்லை, அது தான் அங்கே அரசாங்கம். வயலில் இருந்து வந்த நெல்லை இலையில் திரும்பப் போடுகிறவர் ராஜா. நடுவில் பாளையக்காரர் என்று ஒருவர் கிடையாது.

இதை வைத்து மதுரைக்காரர்கள் வீரர்கள், தஞ்சைக்காரர்கள் சாப்பாட்டு ராமன்கள் என்று முடிவு கட்ட வேண்டாம் :-) 1616-17ல் திருச்சி பக்கம் தோப்பூரில் நடந்த பெரிய சண்டையில் ஜெயித்தது தஞ்சை ரகுநாதர். தோற்ற பக்கத்தில் நின்றது மதுரை முத்து வீரப்ப நாயக்கர். 1620ல் டேனிஷ்காரர்களுக்குத் தரங்கம்பாடியில் இடம் கொடுத்து ஒப்பந்தம் போட்டவரும் அதே ரகுநாதர் தான். சண்டை தெரிந்த ராஜா இருக்கும் வரை தஞ்சைக்கு சண்டையும் வந்தது. அடுத்த ராஜாவுக்கு அது தெரியாவிட்டால், அவருக்குப் பதிலாக நின்று சண்டை போட வேறு யாரும் இல்லை. அது தான் சிக்கல்.

மதுரைக்கு அந்தச் சிக்கல் இல்லை என்பது திருமலை நாயக்கரின் கடைசிக் காலத்தில் தெரிந்தது. மைசூர்ப் படை திண்டுக்கல்லைத் தாண்டி மதுரையை நோக்கி வருகிறது, வழியில் அகப்பட்டவர்களின் மூக்கை அறுத்துக் கொண்டு. திருமலை நாயக்கர் படுக்கையில் கிடக்கிறார். ராணி ராமநாதபுரத்துக்கு ஓலை அனுப்ப, ரகுநாத சேதுபதி ஒரே நாளில் இருபத்தைந்தாயிரம் மறவர்களைத் திரட்டிக் கொண்டு வந்தார் என்பார்கள். மைசூர்ப் படை திரும்பி ஓடியது. பதிலுக்கு இவர்களும் மூக்கறுத்தார்கள், அது வேறு கதை. சேதுபதிக்கு 'தாலிக்கு வேலி', 'ராணி சொல் காத்தான்' என்று பட்டங்கள் கிடைத்தன. கூடவே இனி கப்பம் கட்ட வேண்டாம் என்ற சலுகையும். இருபது வருஷத்துக்கு முன்பு இதே திருமலை தான் ராமப்பையனை அனுப்பி சேதுபதி நாட்டை அடித்தவர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், பாளைய ஆட்சி எப்படிப்பட்டது என்று புரியும். நேற்று எதிரி, இன்று தாலிக்கு வேலி, நாளை..?

அந்த நாளையும் வந்தது. அதற்குள் தஞ்சையின் கதை முடிந்து போயிருந்தது.

1673ல் மதுரையை ஆண்டவர் திருமலையின் பேரன் சொக்கநாத நாயக்கர். தலைநகரைத் திருச்சிக்கு மாற்றி, அங்கே அரண்மனை கட்ட தாத்தாவின் மகாலையே பிய்த்து எடுத்துக் கொண்டு போனவர். திருச்சி ஆதியில் தஞ்சையிடம் இருந்தது, விஸ்வநாதர் வல்லத்தைக் கொடுத்து அதை மாற்றிக் கொண்டார் என்பார்கள். அதாவது காவிரியின் கழுத்து மதுரையிடம், வயிறு தஞ்சையிடம். சொக்கநாதர் விஜயராகவரின் மகளைப் பெண் கேட்டார். வயதான விஜயராகவர் மறுத்து விட்டார். படை கிளம்பியது.

நாலைந்து தலைமுறை ஆண்ட நாடு ஒரே முற்றுகையில் போனது. தெலுங்கு வரலாற்று நூல் சொல்லும் காட்சி இது: விஜயராகவர் சிறையில் வைத்திருந்த தன் மகனைக் கடைசி நேரத்தில் விடுவிக்கிறார். அந்தப்புரத்தை வெடிமருந்து வைத்துத் தகர்க்கச் சொல்கிறார். பிறகு கிழவரும் மகனும் வாளோடு வெளியே வந்து சாகிறார்கள். நாட்டில் வேறு எந்த ஊரும் இவர்களுக்காக எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்க எங்கும் படை வைக்கவில்லையே. சாப்பிட்ட பல்லாயிரம் பேரில் கொத்தளத்துக்கு ஒரு ஆள் கூட வரவில்லை என்று எழுதினால் கொஞ்சம் கொடுமையாக இருக்கும், ஆனால் அது தான் நடந்தது.

ஜெயித்த சொக்கநாதர் செய்தது இன்னும் வேடிக்கை. தஞ்சையை, தன்னோடு ஒரே தாய்ப்பால் குடித்து வளர்ந்த அழகிரியிடம் ஒப்படைத்தார். மதுரைப் பழக்கம்! நம்பிக்கையான ஆளிடம் சீமையைக் கொடு, பங்கு வந்து கொண்டே இருக்கும். வறண்ட பாளையத்தில் இருப்பவருக்கு மதுரையின் தயவு வேண்டும், அதனால் பங்கு வரும். டெல்டாவில் உட்கார்ந்தவருக்கு யார் தயவு வேண்டும்? கொஞ்ச நாளில் அழகிரி பணம் அனுப்புவதை நிறுத்தி விட்டார்.

இதற்கிடையில் தஞ்சை அரண்மனையில் தப்பிய செங்கமலதாஸ் என்ற குழந்தையை நாகப்பட்டினத்தில் ஒரு செட்டியார் வளர்த்து வந்தார். பழைய அதிகாரியான ராயசம் வெங்கண்ணா அந்தப் பையனை பீஜப்பூர் சுல்தானிடம் கொண்டு போய் நியாயம் கேட்டார். சுல்தான் அனுப்பிய தளபதி ஏகோஜி, சிவாஜியின் தம்பி. அழகிரி ஓடினார், செங்கமலதாஸ் சிம்மாசனம் ஏறினார். ஆனால் மந்திரி பதவி வெங்கண்ணாவுக்குப் போகாமல் செட்டியாருக்குப் போய் விட, கடுப்பான வெங்கண்ணா "நீங்களே ஆளுங்கள்" என்று ஏகோஜியிடம் போய் நின்றார். 1676 வாக்கில் தஞ்சை மராட்டியர் கையில். ராஜா மட்டும் தான் மாறினார். சபையில் தெலுங்கு தொடர்ந்தது, சங்கீதம் தொடர்ந்தது, சரஸ்வதி மகாலின் சுவடிகள் பெருகின. குடியானவர் நிலை? 1676ல் ஏகோஜி வாய்க்கால்களைச் சரி செய்கிறார் என்று சேசு சபைப் பாதிரியார்கள் புகழ்ந்து எழுதினார்கள். 1683ல் அதே சபைக் கடிதம், விளைச்சலில் ஐந்தில் நாலு பங்கை அவர் எடுத்துக் கொள்கிறார் என்கிறது. சோறு போட்ட கை எங்கிருந்து நெல் எடுத்தது என்பதை நாடகம் எழுதியவர்கள் சொல்லவில்லை, பாதிரியார்கள் சொன்னார்கள்.

மதுரையில் இதற்கு நேர் எதிர். சேதுபதி தனி ராஜாவாகவே ஆகி விட்டார். 1702ல் மங்கம்மாள் அனுப்பிய படையும் கிழவன் சேதுபதியிடம் தோற்றது. 1736ல் சந்தா சாகிப் ராணி மீனாட்சியை ஏமாற்றித் திருச்சியைப் பிடித்ததோடு நாயக்கர் ஆட்சி முடிந்தது. ராஜா போய் விட்டார், ஆனால் பாளையங்கள் அப்படியே இருந்தன! தஞ்சையைப் போல ஒரு கோட்டையைப் பிடித்தால் நாடு கிடைத்து விடும் என்று வந்த ஆற்காட்டு நவாபும், பிறகு கம்பெனியும் அறுபது வருஷத்துக்கு மேல் ஒவ்வொரு பாளையமாக முட்டிக் கொண்டிருந்தார்கள். பூலித்தேவன், கட்டபொம்மன், 1801ல் மருது சகோதரர்கள் எல்லாரும் அரியநாதர் போட்ட கோட்டுக்குள் இருந்தும் அதன் ஓரத்தில் இருந்தும் வந்தவர்கள் தான். மன்னனைத் தூங்க விடாத அதே ஏற்பாடு, மன்னன் போன பிறகு வந்தவர்களையும் தூங்க விடவில்லை.

1799 அக்டோபர் 16 அன்று கயத்தாறில் ஒரு புளிய மரத்தில் பாஞ்சாலங்குறிச்சி கட்டபொம்மனைத் தூக்கில் போட்டார்கள். சுற்றிலும் மற்ற பாளையக்காரர்களை வரவழைத்துப் பார்க்க வைத்தார்கள். ஒன்பது நாள் கழித்து, அக்டோபர் 25 அன்று, தஞ்சாவூரில் இரண்டாம் சரபோஜி கம்பெனியோடு ஒப்பந்தம் செய்து ராஜ்யத்தை ஒப்படைத்தார். கோட்டை அவருக்கே, வருஷத்துக்கு ஒரு லட்சம் வராகன், நிகர வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு. சண்டை எதுவும் நடக்கவில்லை. சரபோஜி அந்தப் பணத்தில் சரஸ்வதி மகாலுக்குப் புத்தகங்கள் வாங்கிக் கொண்டிருந்தார்.