கோச்சி நின்ற பின் பஸ்: சப்ரகமுவத் தோட்டங்களின் பயண வரலாறு

சப்ரகமுவ மாகாணத்தின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலையையும் இறப்பரையும் கொழும்புத் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்லும் தேவையே களனிப் பள்ளத்தாக்குப் புகையிரதப் பாதை பிறந்ததற்கு முதன்மையான காரணம். நாட்டின் பிரதான பாதைகளில் தண்டவாளங்களுக்கிடையே 1,676 மில்லிமீற்றர் இடைவெளி இருக்க, இங்கே அது தொடக்கத்தில் 762 மில்லிமீற்றராக மட்டுமே இருந்தது. வளைவுகள் மலிந்த நிலத்தில் குறைந்த செலவில் போடக்கூடிய இத்தகைய பாதையை ஒடுங்கிய பாதை என்பர். 1902இல் அவிசாவளையை எட்டிய அது, மறு ஆண்டில் எட்டியாந்தோட்டைக்கும், 1912இல் இரத்தினபுரிக்கும், 1919இல் ஓப்பநாயக்கவுக்கும் நீண்டது. தோட்ட மக்கள் கோச்சி என்றழைத்த அந்த வண்டி ஆற்றோரத்துச் சமதளத்தைப் பற்றியே ஓடியதால், மலைச்சரிவிலிருந்த லயன்களிலிருந்து, அதாவது தொழிலாளர் குடும்பங்கள் வாழ்ந்த தொடர் அறைகளிலிருந்து, நிலையத்துக்கு வந்து சேர்வதே ஒரு தனிப் பயணமாக இருந்தது.

மெதுவாக ஓடிய இந்தக் கோச்சிக்கு 1920களிலேயே பஸ் போட்டியாக எழுந்துவிட்டது. நீராவிப் பொறியையும் பயணிகள் பெட்டியையும் ஒரே வண்டியாக இணைத்த சென்டினல் ரக இலகு வண்டிகளைப் புகையிரதத் திணைக்களம் அந்தப் பத்தாண்டின் இறுதியில் இப்பாதையில் ஓட்டியது. தண்டவாளத்தின்மீது ஓடும் பஸ் என்றே அதைக் கருதலாம். தெருவிலோ பஸ் முதலாளிகள் ஒருவரையொருவர் முந்திக்கொண்டு ஓடிய ஒழுங்கின்மையை அடக்க, 1942ஆம் ஆண்டின் அனுமதிப்பத்திரச் சட்டம் ஒரு வழித்தடத்தை ஒரே கம்பனிக்கு உரித்தாக்கியது. அதே ஆண்டில், போர்க்காலச் சூழலில், எட்டியாந்தோட்டைக் கிளைப்பாதை மூடப்பட்டது. இவ்வாறு களனிப் பள்ளத்தாக்கின் மேற்பகுதித் தோட்டங்களுக்குப் பஸ் துணைச்சேவை என்ற நிலையைக் கடந்து ஒரே பொதுச்சேவையாயிற்று. ஆயினும் இலாபத்தை நம்பிய கம்பனிகளுக்குக் கூட்டம் நிற்கும் பெருந்தெருவே போதுமானதாக இருந்தமையால், தோட்டப் பாதைகளில் ஏறுவதற்கு அவற்றுக்குக் காரணம் எதுவும் இருக்கவில்லை.

1958 ஜனவரி 1ஆம் திகதி பஸ் சேவைகள் யாவும் அரசுடைமையாகி இலங்கைப் போக்குவரத்துச் சபையின் கீழ் வந்தது, இந்த வரலாற்றின் மிக முக்கியமான திருப்பமாகும். கூட்டமுள்ள வழித்தடத்தின் வருவாயைக் கொண்டு கூட்டமில்லாத வழித்தடத்தைத் தாங்குவது, பள்ளிப் பிள்ளைகளுக்குச் சலுகை விலையில் பருவச்சீட்டு வழங்குவது, விடியலிலும் இரவிலும் ஓடுவது ஆகிய கடமைகள் அதன் தோளில் விழுந்தன. பிரட்டு எனப்படும் காலைப் பெயர்பதிவுடன் நாள் தொடங்கும் தோட்டத்துக்கு இவை அனைத்தும் பொருந்தின. ஆனால் வழித்தடத்தைக் கேட்டுப் பெறும் வழி பெரும்பாலும் பாராளுமன்ற உறுப்பினர் ஊடாகவே சென்றது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டமும் அதையடுத்து வந்த தேர்தல் சட்டத் திருத்தமும் தோட்ட மக்களில் மிகப் பெரும்பாலோரின் வாக்கைப் பறித்திருந்ததால், அவர்கள் சார்பில் அக்கோரிக்கையை எழுப்ப எந்த உறுப்பினருக்கும் தேவை ஏற்படவில்லை. சந்திவரை வந்த சபையின் சிவப்பு பஸ் அதற்குமேல் மலையேறாமல் நின்றதற்கு ஒடுக்கமான சாலையும் செங்குத்து வளைவும் எவ்வளவு காரணமோ, அதைவிட இந்த வாக்கின்மை பெரிய காரணம் என்றே கொள்ள வேண்டும்.

தோட்டத்துச் சரக்கு ஏற்கெனவே புகையிரதத்தை விட்டு லொறிக்கு மாறிவிட்டிருந்தது. நட்டத்தில் ஓடிய அவிசாவளை–ஓப்பநாயக்கப் பகுதியும் 1976இல் மூடப்பட்டது. புகையிரதத்தை நிறுத்தி அதன் இடத்தைப் பஸ்ஸுக்குக் கொடுக்கும் இம்முறை இலங்கைக்கு மட்டும் உரியதன்று. பிரித்தானியாவில் 1963ஆம் ஆண்டின் பீச்சிங் அறிக்கைக்குப் பின் ஆயிரக்கணக்கான மைல் பாதைகள் மூடப்பட்டபோதும் மாற்று பஸ் வாக்களிக்கப்பட்டது, பல இடங்களில் அந்த பஸ்ஸும் சில ஆண்டுகளில் நின்றுபோயிற்று. சப்ரகமுவவில் பஸ் நிற்கவில்லை, ஆனால் அதைத் தாங்கிய ஏற்பாடு தளர்ந்தது: 1978இல் சபை பிராந்தியங்களாகப் பிரிக்கப்பட்டது, மறு ஆண்டில் தனியார் பஸ்களுக்குத் தெரு திறந்துவிடப்பட்டது. கொழும்பு–இரத்தினபுரித் தெருவில் பஸ்கள் பெருகியதால் பலாங்கொடையிலும் பெல்மதுளையிலும் ஏறுவோருக்குக் காத்திருக்கும் நேரம் குறைந்தது உண்மை. இலாபத் தடத்தின் வருவாய் பங்குபோடப்பட்டதால் நட்டத் தடத்தைத் தாங்கும் பலம் அரச பஸ்ஸிடம் குறைந்ததும் அதே அளவுக்கு உண்மை. இக்காலத்திலேயே, 1981இலும் 1983இலும், இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்கள் இன வன்முறைக்கு ஆளாகிப் பல குடும்பங்கள் ஊரைவிட்டே போயின. அவர்களுக்குப் பஸ் ஏறுவதே அஞ்சத்தக்க செயலாயிற்று.

மாகாண சபைகள் அமைந்த பின் மாகாணத்துக்குள் ஓடும் பஸ்களின் அனுமதி மாகாணத்திடமும், மாகாணம் கடந்து ஓடுபவற்றின் அனுமதி 1991ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவிடமும் பிரிந்தன. ஆனால் இரு தரப்பும் அனுமதி வழங்கக்கூடியது பஸ்ஸுக்கு மட்டுமே. பஸ் ஓட வேண்டிய தோட்டச் சாலையோ தோட்ட நிர்வாகத்தின் கட்டுப்பாட்டில், 1992 முதல் அந்நிர்வாகம் கம்பனிகளின் கையில். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, உள்ளூராட்சிப் பணத்தைத் தோட்டங்களுக்குள் செலவிடுவதற்கு நெடுங்காலம் தடையாக இருந்தது. அப்பிரிவு 2018இல் திருத்தப்பட்ட பின்னரே, தெரணியகலைச் சரிவிலோ இறக்குவானைச் சரிவிலோ உள்ள ஒரு லயனுக்கு ஏறும் சாலையைப் பிரதேச சபை தன் வேலையாக ஏற்று அகலப்படுத்தவும், மேலே ஒரு பஸ் திரும்பி நிற்க இடம் ஒதுக்கவும் சட்டத்தில் வழி பிறந்தது.